ஆல்ப்ஸ் பிரிமுலா: வளர்ப்பும் கலப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில். பின்கட்டு வடக்குப் பார்த்தது. தக்காளிகூட அங்கே சரியாக வராது. ஆனால் இந்த மலைச்செடிகளுக்கு அது சொர்க்கம். ஏப்ரலில் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், ஒரு கன்றை வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு தொலைபேசியில் கேட்பவையும் கீழே இருக்கின்றன. பதிலின் நீளம் கேள்விக்குக் கேள்வி மாறும், மன்னிக்கவும்.

ஆல்ப்ஸ் பிரிமுலா என்றால் எது? சூப்பர்மார்க்கெட்டில் பிப்ரவரியில் விற்பதா?

அது இல்லை. கடை வாசலில் தட்டுத் தட்டாக மஞ்சளும் ஊதாவுமாக வைத்திருப்பது பிரிம்ரோஸ் வழி வந்த கலப்பு. அதன் இலை சுருங்கிச் சுருங்கிக் கீரை மாதிரி இருக்கும். நான் சொல்வது தாவரவியலில் ஆரிக்குலாஸ்ட்ரம் என்ற பிரிவு. ஐரோப்பிய மலைகளில் பாறை இடுக்குகளில் வளரும் இருபத்துச் சொச்சம் இனங்கள். இலை தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் நடுக்குருத்தைப் பாருங்கள். இளம் இலையின் ஓரங்கள் உட்பக்கமாகச் சுருண்டிருந்தால் இந்தப் பிரிவு. பிரிம்ரோஸில் வெளிப்பக்கமாகச் சுருளும்.

வீட்டில் வளர்க்க முக்கியமானவை நாலைந்துதான். ஆரிக்குலா மஞ்சள் பூ, நல்ல வாசனை, சுண்ணாம்புப் பாறைக்காரன். பெயருக்குச் 'சின்னக் காது' என்று பொருள், கரடியின் காதை நினைத்து வைத்தது. ஹிர்சூட்டா அடர் இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண், இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு. மார்ஜினாட்டாவின் இலை ஓரம் ரம்பம் போலப் பல் பல்லாக, அதில் வெள்ளிப்பொடி பூசியிருக்கும், பூ இளநீலம். அல்லியோனி, பிரான்ஸும் இத்தாலியும் சந்திக்கும் கடலோர ஆல்ப்ஸின் சுண்ணாம்புச் செங்குத்துகளில் மட்டும் வாழும் குட்டிச்செடி. மினிமா, பெயருக்கேற்ற பொடியன், இலை நுனி மட்டும் வெட்டிவிட்ட மாதிரி பல்லோடு இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு விசித்திரப் பிறவியும் உண்டு. பாலினூரி என்ற இனம் மலையை விட்டுவிட்டுத் தெற்கு இத்தாலியில் கடலோரப் பாறைகளில் வாழ்கிறது. ஏன் அங்கே போய் உட்கார்ந்தது என்று யோசித்தால் நேரம் போவதே தெரியாது.

குளிரில் செத்துவிடாதா? வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டுமா?

தயவுசெய்து வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பூ அழகாக இருக்கிறதென்று வரவேற்பறை ஜன்னலில், ஹீட்டர் மேலே வைப்பார்கள். மூன்று வாரத்தில் செடி நீண்டு வெளிறிப் போய்விடும்.

இவை பனியில் பிறந்தவை. குளிர் இவற்றைக் கொல்வதில்லை, கொல்வது குளிர்கால ஈரம். மலையில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை செடி பனிப்போர்வைக்கு அடியில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நிலையாக இருக்கும், வேரைச் சுற்றித் தண்ணீர் ஓடாது. நம் ஊர்க் குளிர்காலமோ ஒருநாள் உறைபனி, மறுநாள் தூறல், அதற்கடுத்த நாள் வெதுவெதுப்பு. அந்தத் தூறலிலிருந்துதான் காப்பாற்ற வேண்டும். மேலே ஒரு கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு, பக்கவாட்டில் காற்று தாராளமாக வீச விட்டால் போதும். பக்கத்தையும் மூடினால் பூசணம் வரும்.

குளிர்காலத்தில் இலைகள் சுருங்கி, வெளியிலைகள் மஞ்சளாகி, நடுவில் ஒரு இறுகிய மொட்டு மட்டும் மிஞ்சும். பயப்படாதீர்கள், அது உறக்கம். காய்ந்த இலைகளை மட்டும் பக்கவாட்டில் இழுத்து எடுத்துவிடுங்கள். பச்சையாக இருப்பதைப் பிடுங்கினால் காயமாகி அங்கே சாம்பல் பூசணம் உட்காரும்.

மண் கலவை?

இதைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் பதினொரு கலவை சொல்வார்கள். நான் போடுவது: கடையில் தயாராகக் கிடைக்கும் ஜான் இன்னஸ் இரண்டாம் எண் மண்கலவை இரண்டு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, குறுணிக்கல் ஒரு பங்கு. அல்லியோனிக்குக் குறுணிக்கல்லை இரட்டிப்பாக்குவேன். கையில் பிடித்து அழுத்தி விரித்தால் உருண்டை உதிர வேண்டும், அதுதான் சோதனை. பாட்டிங் கலவை என்று வெறும் பீட், அதாவது சதுப்பு நில மட்கு, விற்பார்கள். அது காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு.

ஆரிக்குலா சுண்ணாம்புப் பாறைக்காரன் என்றேன், ஹிர்சூட்டா சுண்ணாம்பில்லாத பாறைக்காரன். அதனால் தனித்தனிக் கலவை வேண்டுமா என்று கேட்பார்கள். தொட்டியில் அந்த வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை.

மண்தொட்டியா பிளாஸ்டிக்கா? நிறையத் தண்ணீர் ஊற்றும் கைக்கு மண்தொட்டி, மறந்துபோகும் கைக்கு பிளாஸ்டிக். தொட்டி சிறியதாக இருக்கட்டும். 9 செ.மீ. தொட்டியில் பூத்துக் குலுங்கும் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் தொடாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலை வரவழைக்கும்.

வெயில்? தண்ணீர்?

வசந்தத்தில் காலை வெயில், கோடையில் நிழல். மே மாதத்துக்குப் பிறகு வடக்குச் சுவரோரம் போய்விடட்டும். ஜூலையில் ஒரு வாரம் 30 டிகிரி அடித்தால் ஆரிக்குலாக்கள் இலையைத் தொங்கப்போட்டு அரைத்தூக்கத்துக்குப் போகும். அப்போது வாடியிருக்கிறதே என்று ஊற்றி ஊற்றித்தான் பலர் கொல்கிறார்கள். நானும் முதல் இரண்டு கோடையில் அப்படித்தான் செய்தேன். மாலை வரை பொறுங்கள். மாலையில் நிமிர்ந்தால் அதற்கு வேண்டியது தண்ணீரல்ல, நிழல்.

இலையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கிறது. நோயா?

நோயில்லை, அதுதான் நகை. இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் ஃபிளேவோன் என்ற பொருளைச் சுரந்து பொடியாக வெளியே தள்ளுகின்றன. ஒருமுறை விரல் பட்டால் அந்த இடத்தில் கைரேகை அப்படியே நிற்கும், அந்த இலையின் ஆயுளுக்கும் போகாது. மழைத்துளி விழுந்தால் கறை. அதனால்தான் கண்காட்சிக்கு வளர்க்கிறவர்கள் மேலிருந்து தண்ணீர் ஊற்றவே மாட்டார்கள். தட்டில் ஊற்றி, தொட்டியை அரைமணி உட்காரவைத்து எடுத்துவிடுவார்கள். தோட்டத்து மண்ணில் வைக்க வேண்டுமென்றால் மாவில்லாத வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

அல்லியோனி மட்டும் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது?

அடமில்லை, அதன் வீடு அப்படி. செங்குத்துப் பாறையில், மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில் வாழ்கிறது. மெத்தை போல அடர்ந்த அதன் இலைகள்மேல் மழை நேராக விழுவதே அபூர்வம். வேர் மட்டும் பாறைக்குள் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஆகவே வருடம் முழுக்கத் தலை நனையக்கூடாது. பழைய இலைகள் உதிராமல் அடியில் தங்கி அடுக்கடுக்காகச் சேரும், அதில் ஒரு துளி தண்ணீர் நின்றாலும் பூசணம் பிடித்து மெத்தையில் பாதியைத் தின்றுவிடும்.

நல்ல வழி டூஃபா கல். நீரூற்றுகளில் சுண்ணாம்பு படிந்து உருவாகும் கல் அது. ஸ்பான்ஜ் மாதிரி துளைதுளையாக இருக்கும், சாதாரணத் துளைக்கருவியே போதும். பெருவிரல் அகலத்தில், விரல் நீளத்தில், சற்றுச் சாய்வாக ஒரு துளை. இளம் நாற்றின் வேரைக் கழுவி, ஈரத்தாளில் சுருட்டி உள்ளே நுழைத்து, கல்தூளும் கொஞ்சம் மண்ணும் போட்டு ஒரு பென்சிலால் குத்தி இறுக்குங்கள். கல்லை ஒரு தட்டில் மணல்மேல் வைத்து, மணலை மட்டும் ஈரமாக வைத்திருந்தால் கல் தானாக உறிஞ்சிக்கொள்ளும். பெரிய செடியை நுழைக்கப் பார்க்காதீர்கள், பிழைக்காது.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் அதன் கலப்புகளை வளருங்கள். 'பியாட்ரிஸ் வூஸ்டர்' போன்றவை அல்லியோனியின் அழகோடும் மார்ஜினாட்டா பக்கத்து உறவின் திடத்தோடும் இருக்கும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று சாய்ந்துவிட்டது!

செடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். என் முதல் நல்ல மார்ஜினாட்டா அப்படித்தான் கையோடு வந்தது. வேரே இல்லை. கேரட் மாதிரி ஒரு கட்டை மட்டும், சுற்றிலும் கடித்த தடம். தொட்டியைக் கொட்டினால் பாலாடை நிறத்தில், பழுப்புத் தலையோடு, ஆங்கில 'C' எழுத்து மாதிரி வளைந்த புழுக்கள் பதினொன்று. வைன் வீவில் வண்டின் புழுக்கள். இந்த வண்டில் பெரும்பாலும் எல்லாமே பெண், ஆண் துணையில்லாமலே முட்டையிடும். ஆக, ஒரே ஒரு வண்டு உள்ளே வந்தால் போதும்.

இலை ஓரத்தில் டிக்கெட் கிழித்த மாதிரி அரைவட்ட வெட்டுகள் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் பிடிக்கலாம், மெதுவாகத்தான் நடக்கும், பறக்காது. புழுவுக்கு நெமட்டோடு என்ற நுண்புழுக்களை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுவதுதான் நல்லது. ஸ்டைனர்நீமா கிராவ்செய் என்ற வகை, மண் 5 டிகிரி வரை குளிர்ந்தாலும் வேலை செய்யும். ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை.

அந்தக் கட்டையை எறிந்துவிடாதீர்கள். சுத்தமாக வெட்டி, ஈர மணலில் நட்டு, நிழலில் வையுங்கள். என்னுடையது ஆறு வாரத்தில் வேர்விட்டது.

வேரில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதே?

ஆரிக்குலா வேர்ப்பேன். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் வீவில் அளவுக்கு மோசமில்லை. வேரைக் கழுவி, கழுத்தில் ஒட்டியிருப்பதை மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்து, புது மண்ணில் நடுங்கள்.

எப்போது மண் மாற்றுவது?

பூ முடிந்ததும். எனக்கு அது மே கடைசி. செடியை உதறி எடுத்துக் கட்டையின் நுனியைப் பாருங்கள். பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் வெள்ளைச் சதை தெரியும் வரை கத்தியால் சீவி, கந்தகப்பொடி தடவி, கழுத்து வரை புதைத்து நடுங்கள். பக்கத்தில் வேரோடு இருக்கும் கன்றுகளைப் பிரித்தெடுக்கும் நேரமும் அதுதான். பெயருள்ள வகைகளைக் கன்று வழியாக மட்டுமே பெருக்க முடியும், விதையில் அதே செடி வராது.

ஊசிக்கண், நூல்கண் என்கிறீர்களே, அது என்ன?

பூவின் நடுத்துளையை நேராகப் பாருங்கள். குண்டூசித் தலை மாதிரி ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் அது ஊசிக்கண். சூல்தண்டு நீண்டு மேலே வந்திருக்கிறது, மகரந்தப்பைகள் குழலுக்குள் பாதியில் ஒளிந்திருக்கின்றன. அதற்குப் பதிலாகத் துளையை அடைத்தபடி மகரந்தப்பைகள் வட்டமாகத் தெரிந்தால் நூல்கண். அதில் சூல்தண்டு குட்டை, உள்ளே மறைந்திருக்கும். ஒரு செடியின் எல்லாப் பூவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நூல்கண்ணை இங்கே 'த்ரம்' என்பார்கள். தறியில் நெய்த துணியை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சும் பாவுநூல் நுனிகளுக்கு அந்தப் பெயர். லாங்கஷைர் கைத்தறி நெசவாளர்கள் ஆரிக்குலா வளர்ப்பில் பெயர்போனவர்கள். மதுக்கடைக் கூடத்தில் போட்டி நடத்துவார்கள், பரிசு செப்புக் கெட்டில். தறியில் உட்கார்ந்தபடியே ஜன்னலில் பூவையும் பார்க்கிறவனுக்கு மகரந்தப்பைக் கூட்டம் பாவுநூல் நுனியாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்கெல்லாம் என்ன காரணம் என்று சோதனை செய்து எழுதியவர் டார்வின், 1862இல். ஊசிக்கண் நூல்கண்ணோடு சேர்ந்தால் விதை நிறைய, ஒரே வகை தம்முள் சேர்ந்தால் குறைவு. தேனீயின் உடலில் ஒரு வகையின் மகரந்தம் ஒட்டும் உயரம்தான் மற்ற வகையின் சூல்முடி இருக்கும் உயரம். அயல் சேர்க்கைக்கான ஏற்பாடு.

பாரம்பரியக் கணக்கு எளிது. ஊசிக்கண் ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதியும் ஊசியாக இருந்தால்தான் வெளியே தெரியும். நூல்கண் செடி பெரும்பாலும் ஒன்று அது, ஒன்று இது. ஆகவே இரண்டையும் சேர்த்தால் நாற்றுகள் பாதிக்குப் பாதி.

எதை எதோடு சேர்க்கலாம்?

பொதுவிதி: பிரிவுக்குள் சேரும், பிரிவு தாண்டினால் சேராது. ஆரிக்குலாவையும் பிரிம்ரோஸையும் சேர்க்கப் பார்த்து ஒரு வசந்தத்தை வீணாக்காதீர்கள். ஆனால் ஆரிக்குலாஸ்ட்ரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாமே உறவாடும். குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலானவற்றில் அறுபதுகளில் இருக்கிறது. மார்ஜினாட்டாவில் மட்டும் அதன் இருமடங்கு உள்ள செடிகளும் உண்டு. அப்படிப்பட்ட தாயிடம் காய் பிடிக்காவிட்டால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

மலையிலேயே இது நடக்கிறது. மினிமாவும் ஹிர்சூட்டாவும் சேர்ந்தது ஃபார்ஸ்டெரி. இருப்பதிலேயே பெரிய கதை ஆரிக்குலாவும் ஹிர்சூட்டாவும் சேர்ந்தது. ஒன்று சுண்ணாம்புப் பாறை, ஒன்று சுண்ணாம்பில்லாத பாறை என்றேனே, அவை சந்திக்க வேண்டுமென்றால் இரு பாறைகளும் சந்திக்கும் இடம் வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் இருந்த தாவரவியலர் குளூசியஸ் இரண்டு ஆரிக்குலாக்களை விவரித்தார், ஒன்று மஞ்சள், மற்றது வண்ணப் பூ. அந்த வண்ணப் பூ எங்கிருந்து வந்தது என்பது முந்நூறு ஆண்டுகள் புதிர். ஆஸ்திரியத் தாவரவியலர் அன்டோன் கெர்னர், டிரோலில் க்ஷ்னிட்ஸ் பள்ளத்தாக்கில், இரண்டு பாறைகளும் உரசும் இடத்தில் அந்தக் கலப்பைக் கண்டுபிடித்து 1875இல் எழுதினார். இன்று புபெஸன்ஸ் என்கிறோம். தோட்டங்களில் சிவப்பு, ஊதா, பழுப்பு, புகைநிறம் என்று வரும் ஆரிக்குலா எல்லாம் அந்த வழி வந்தவை. மஞ்சள் பெற்றோரிடம் இல்லாத செம்மையையும் ஊதாவையும் கொடுத்தது ஹிர்சூட்டா. ஹிர்சுட்டிடின் என்ற நிறமிக்கே அதன் பெயர்தான்.

மலட்டுக் கலப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு இனத்துக் குரோமோசோம்கள் இணைசேராவிட்டால் பிள்ளை பூக்கும், காய்க்காது. இதற்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணம் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1899 வாக்கில் தானாக முளைத்த கியூவென்சிஸ். இமயமலையின் ஃபுளோரிபண்டாவும் ஏமனின் வெர்டிசில்லாட்டாவும் கண்ணாடி வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சேர்ந்தது. 18 குரோமோசோம், மலடு. பிறகு அதன் ஒரு கிளையில் எண்ணிக்கை 36 ஆக இரட்டித்து விதை பிடித்தது. இது மலைச்செடியில்லை, நம் பிரிவும் இல்லை. ஆனால் மலட்டுச் செடியைத் தூக்கியெறியுமுன் இந்தக் கதை எனக்கு ஞாபகம் வரும்.

சரி, கையால் எப்படிச் சேர்ப்பது?

முதல் தடவை ஊசிக்கண் செடியைத் தாயாக வையுங்கள், வேலை பாதி. தேவை ஒரு கூர்மையான இடுக்கி, பூதக்கண்ணாடி, பென்சில், லேபிள். அவ்வளவுதான்.

மொட்டு நிறம் காட்டி, இதழ் இன்னும் விரியாத நிலை வேண்டும். விரிந்துவிட்டால் தேனீ முந்தியிருக்கும். பிரிமுலாவில் ஒரு வசதி, மகரந்தப்பைகள் தனியாக நிற்காமல் அல்லிக்குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். ஆகவே குழலின் பக்கத்தை இடுக்கி நுனியால் மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறி, இதழோடு சேர்த்து இழுத்தால் மகரந்தப்பை ஐந்தும் கூடவே வந்துவிடும். பச்சைக் கிண்ணத்தில் சூல்தண்டு மட்டும் தனியாக, தலையில் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். முதல் நான்கைந்தில் தண்டையும் சேர்த்துப் பிடுங்குவீர்கள். பரவாயில்லை, ஒரு கொத்தில் இன்னும் பூ இருக்கும். இதழ் போன பூவைத் தேனீயும் சீந்தாது.

ஒருநாள் விட்டு, நன்றாக விரிந்த நூல்கண் பூவைத் தந்தையாக எடுங்கள். இதழைக் கிழித்து, மகரந்தப்பையை இடுக்கியால் பிடித்து, சூல்முடிமேல் நேராகத் தேயுங்கள். தூரிகை வேண்டாம், ஒரு கலப்பின் மகரந்தம் மயிரில் தங்கி அடுத்ததைக் கெடுக்கும். சூல்முடி மஞ்சளாக மாறியிருந்தால் வேலை முடிந்தது. மறுநாளும் ஒருமுறை தேயுங்கள். கொத்தில் நான்கு பூ வைத்துக்கொண்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள்.

தாய் நூல்கண்ணாக இருந்தால் இதே வேலைதான், சூல்தண்டு குட்டையாக அடியில் இருப்பதால் கண்ணுக்கு வலி அதிகம்.

இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கவில்லையே. அல்லியோனி பிப்ரவரி, ஆரிக்குலா ஏப்ரல்.

மகரந்தத்தைச் சேமியுங்கள். மகரந்தப்பைகளைத் தாளில் ஒருநாள் உலரவிட்டு, மடித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சின்ன டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும். டப்பாமேல் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை குங்குமப்பூ என்று நினைத்து அது பாயசத்துக்குப் போகவிருந்தது.

காய் எப்போது பறிப்பது, விதை எப்படிப் போடுவது?

காய் ஜூலை வாக்கில் பழுத்து, உச்சியில் பல் பல்லாகப் பிளக்கும். பழுப்பாகத் தொடங்கியதும் தினமும் பாருங்கள், ஒரு காற்றடித்தால் போச்சு. சின்னத் தேநீர்ப் பையைக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அல்லியோனிக்குக் காம்பே கிடையாது, காய் இலைகளுக்கு நடுவே புதைந்திருக்கும். விதையை ஈர ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும்.

நான் பாதியைப் பறித்த கையோடு விதைப்பேன், பாதியை ஜனவரியில். ஜான் இன்னஸ் விதைக்கலவையை அழுத்தி, மேலே விதையைத் தூவி, மண்ணால் மூடாமல் மெல்லியதாகக் குறுணிக்கல் மட்டும். விதைக்கு வெளிச்சம் வேண்டும். பிறகு வெளியே, குளிரில், எலி வராத இடத்தில் வையுங்கள். அடுப்படி வெப்பத்தில் வைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்ற நினைப்பு இங்கே தலைகீழ், 20 டிகிரி தாண்டினால் விதை அடம் பிடித்துப் படுத்துவிடும். வசந்தத்தில் முளைக்காத தட்டையும் எறியாதீர்கள், இரண்டாம் வருடம் முளைத்தது பல தடவை.

எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? வருவது எப்படி இருக்கும்?

விதையிலிருந்து முதல் பூ இரண்டு, மூன்று வருடம். இரண்டு தனி இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே சாயலில், இருவருக்கும் நடுவே இருக்கும். 'இதற்கா இவ்வளவு?' என்று தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் தங்கைச் செடிகளையே தம்முள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறும், வேடிக்கை அங்கேதான். தோட்டக் கலப்பு வகைகளை எடுத்தால் அவை ஏற்கெனவே கலந்தவை, முதல் தலைமுறையிலேயே ஆளுக்கொரு முகம்.

ஒரு இலக்கு இல்லாமல் சேர்க்காதீர்கள். கையில் பூ இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று தேய்த்ததில் எனக்கு ஐந்து வருடமும் நூற்றுக்கணக்கான மங்கல் ஊதாவும் கிடைத்தன. இப்போது ஒரே நோக்கம்: மார்ஜினாட்டாவின் வெள்ளி விளிம்பு, ஆனால் குட்டையான காம்பு, மழையில் நிற்கும் உடம்பு. மூன்றாம் தலைமுறையில் இருக்கிறேன். விளிம்பு வந்துவிட்டது, உடம்பும் வந்துவிட்டது. காம்புதான் இன்னும் ஒட்டகம்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

முதல் பூவை நம்பாதீர்கள், இரண்டாம் வருடப் பூவில் முடிவெடுங்கள். போட்டிக்கு என்றால் ஊசிக்கண் பூவை நடுவர்கள் தள்ளிவிடுவார்கள், நூல்கண் மட்டுமே. அதனால் ஊசிக்கண்ணைக் கழித்தே தீர வேண்டும் என்றில்லை, எளிய தாய் அதுதானே. என் கணக்கில் நூறு நாற்றில் இரண்டு தங்கினால் நல்ல வருடம். கடைசியாக முளைத்த சவலைப் பிள்ளையை மட்டும் சீக்கிரம் கழிக்காதீர்கள். அதில்தான் விசேஷம் இருக்கும் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை அது பலித்தது.

பச்சை விளிம்புப் பூ பார்த்தேன். கலப்பில் கிடைக்குமா?

அது கண்காட்சி ஆரிக்குலா, தனி உலகம். 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு திடீர் மாற்றம், இதழின் வெளிப்பாதி இலைத்திசுவாகவே மாறிவிட்டது. நடுவில் மாவு பூசிய வெள்ளை வட்டம், அதைச் சுற்றிக் கறுப்பு, அதற்கு வெளியே பச்சை. அந்தப் பச்சைமேல் மாவு படிந்த அளவைப் பொறுத்துச் சாம்பல் விளிம்பு, வெள்ளை விளிம்பு என்று வகை பிரிப்பார்கள். மழை ஒரு துளி பட்டாலும் முகம் கலைந்துவிடும் என்பதால் கூரையுள்ள மர அடுக்குகளில், கறுப்புப் பின்னணியில் வைத்துக் காட்டுவார்கள். 'ஆரிக்குலா தியேட்டர்' என்று பெயர். டெர்பிஷையரில் கால்க் அபி தோட்டத்தில் பழையது ஒன்று இருக்கிறது, ஏப்ரல் கடைசியில் போனால் பார்க்கலாம். வீட்டில் பச்சை விளிம்பு வேண்டுமென்றால் இரண்டு பெற்றோரும் விளிம்பு வகையாக இருக்கட்டும். அவற்றை மலையினங்களோடு சேர்த்தால் அந்த நேர்த்தி ஒரே தலைமுறையில் குலைந்துவிடும்.

விதை எங்கே கிடைக்கும்?

1929இல் தொடங்கிய ஆல்பைன் கார்டன் சொசைட்டி, 1933இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப், இரண்டும் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் விதைப் பரிமாற்றம் நடத்துகின்றன. பெயருள்ள செடி வேண்டுமென்றால் வசந்தக் கண்காட்சி மேசைகளில் வாங்குங்கள், பூவைப் பார்த்தே வாங்கலாம். ஒரு நாற்றங்காலிலிருந்து தபாலில் வரவழைத்த 'வெள்ளை' எனக்கு இரண்டு வருடம் கழித்து ஊதாவாகப் பூத்தது.

ஊருக்கு எடுத்துப்போய் வளர்க்கலாமா?

சமவெளியில் வாய்ப்பே இல்லை. ஊட்டியில்? அங்கே உறைபனி உண்டு, ஆனால் மாதக்கணக்கில் நீளும் உறக்கம் கிடையாது. அதோடு மழைக்காலம் வேறு. செடியின் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

பதிவேடு தேவையா?

தேவை. 'நிரந்தர' மார்க்கரில் எழுதிய லேபிள்கள் ஒரே கோடையில் வெயிலில் வெளுத்து, நாற்பது தொட்டிகள் எனக்கு அனாதையாயின. சாதாரண 2பி பென்சில் பத்து வருடம் நிற்கிறது. தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தை, வருடம். இன்னொரு லேபிளைத் தொட்டிக்கு உள்ளே, மண்ணுக்கு அடியில் புதைத்து வையுங்கள். பறவைகள் மேலே இருப்பதைப் பிடுங்கிப் போடும்.

கழித்த நாற்றுகளை என்ன செய்கிறீர்கள்?

மட்குக்குழிக்குப் போக வேண்டியவை. மனது வராதவற்றை வாசலில் ஒரு பெட்டியில் வைப்பேன், போகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் அப்படி எடுத்துப்போன மங்கல் ஊதா ஒன்றைப் படிக்கட்டு ஓரம், சிமெண்ட் வெடிப்பில் செருகிவிட்டார். தண்ணீர் ஊற்றுவதில்லை, மேலே கூரையும் இல்லை. ஆறு வருடமாக ஏப்ரலில் முப்பது பூவுக்குக் குறையாமல் பூக்கிறது. போன வசந்தத்தில் அவரிடம் கேட்டு அதிலிருந்து மகரந்தம் எடுத்துவந்திருக்கிறேன்.